மரியகுழந்தை பன் எடை போட்ட வழக்கு

என் இருபது வருட வக்கீல் தொழிலில் மரியகுழந்தையைப் போல என் உயிரை வாங்கிய சாட்சி வேறு யாருமில்லை. அவரைக் கூப்பிட்டதும் நான்தான். ஆகவே யார் மேலும் பழி போட வழியில்லை.

1973-ல் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் பதினோரு பேக்கரிகளும் ஒரே திங்கட்கிழமை பன்னைச் சிறிசாக்கின. விலை மட்டும் அப்படியே இருந்தது. பன்னிரண்டாவது கடைக்காரி ஜெயம்மா பழைய அளவிலேயே போட்டாள். கூட்டம் அங்கே சாய்ந்தது. உடனே பேக்கரி சங்கத்தார் மண்டிக்காரர்களிடம் சொல்லி அவளுக்கு மைதா மூட்டை கிடைக்காமல் செய்துவிட்டார்கள்.

"சில்லறையா வாங்கிக்கினு எத்தினி நாள் சார் ஓட்டுவேன்? அடுப்ப அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்" என்று என் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள்.

ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. புகார் எழுதிப் போட்டேன். விசாரிக்க அதிகாரி வருவார், வியாபாரிகள் கூடிப் பேசி வைத்ததற்குப் புள்ளிவிவரம் வேண்டும் என்று பதில் வந்தது. எனக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். அதனால்தான் பாலகாட் தங்கச் சுரங்கத்தில் சாம்பிள் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மரியகுழந்தையைப் பிடித்தேன். பாறையில் இடம் இடமாகக் கொத்தி, பைபையாகக் கட்டி, எவ்வளவு தங்கம் தேறும் என்று பார்க்க அனுப்பும் வேலை அது.

"இன்னா சார், பாறைய விட பன்னு கஷ்டமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், பதினோரு கடையின் நூற்றுப் பத்து பன்களையும் உலக்கையால் இடித்து, ஒரே குவியலாக்கி, நாலு பங்காகப் பிரித்து வைத்திருந்தார் மனுஷன்!

"அடப் பாவி! எந்தக் கடை பன் எது ஐயா?"

"எல்லாத்தையும் கலந்தாத்தான் சார் சராசரி கெடைக்கும். சுரங்கத்துல அப்படித்தான்."

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடிவிட்டது. எனக்கு வேண்டியது சராசரி இல்லை. கடைக்குக் கடை எவ்வளவு வித்தியாசம் என்பதுதான். மறுபடி பன் வாங்கினோம். அதே கடைக்குப் பத்து, ஆனால் இந்த முறை தனித்தனிப் பையில், சீட்டுக் கட்டி. மருந்துக்கடைத் தராசில் நிறுத்தார். கூடவே பக்கத்து ஊர்களான பங்காருப்பேட்டைக்கும் பூதிகோட்டைக்கும் போய் அங்கே உள்ள பன்களையும் நிறுத்து வந்தார். அது அவராகவே செய்தது.

விசாரணை நாளில் ஊரே திரண்டிருந்தது. மரியகுழந்தையின் மனைவி முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். சங்கத்துத் தலைவர் எட்மண்ட் எழுந்தார். "மைதா வெல ஏறிப்போச்சுங்க. அவனவன் தானாக் கொறைச்சான். யாரும் கூடிப் பேசல."

மரியகுழந்தை சீட்டைப் பிரித்தார். "வெல பங்காருப்பேட்டையிலயும்தான் ஏறிச்சு. அங்க ஒருத்தன் நாப்பத்தஞ்சு கிராம், ஒருத்தன் ஐம்பது, பூதிகோட்டையில ஐம்பத்தெட்டு கூட இருக்குது. இங்க பதினோரு கடையிலயும் நாப்பத்திரண்டு. பாறையில ரெண்டு எடம் ஒண்ணா இருக்காதுங்க. பதினோரு பையும் ஒரே அளவு காட்டுச்சுன்னா, சாம்பிள்காரன் எடம் எடமா சுத்தவே இல்ல, ஒரே குவியல்ல அள்ளிக்கினு வந்துட்டான்னு அர்த்தம். இவங்களும் அப்படித்தான், ஒரே எடத்துல உக்காந்து பேசிக் கொறைச்சிருக்காங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதெப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?"

மரியகுழந்தையின் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தார். ஜெயம்மாவைப் பார்த்தார்.

"நானே செஞ்சுருக்கேன் சார்" என்றார் கடைசியில். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம். கீழ போக சோம்பல்பட்டு, ஒரே எடத்துல அள்ளி எல்லாப் பையையும் ரொப்பிட்டேன். எல்லாம் ஒரே அளவு காட்டிச்சு, மாட்டிக்கினேன். ஆறு மாசம் வேலையில சேத்துக்கல. வூட்ல, முட்டி வலி லீவுன்னு சொல்லிட்டேன்."

முன்வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றார். "ஆறு மாசம்! தெனம் ரெண்டு வேள எண்ணெ காச்சித் தேச்சேனேய்யா!"

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சங்கத்தார் கூடிப் பேசியது உண்மை என்று எழுதினார். அடுத்த வாரமே ஜெயம்மா கடை வாசலில் மைதா மூட்டைகள் இறங்கின. பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரியகுழந்தை வீட்டில் மட்டும் ஒரு மாதம் சமையல் நடக்கவில்லை. மூன்று வேளையும் ஜெயம்மா கொடுத்த பன்னைத்தான் தின்றார்.