ரெஜினாவை நாலாவது சீட்டுல உக்கார வச்ச கதை

பால்வாடி டீச்சர் வேலைன்னா பாட்டுப் பாடி, கிச்சடி போட்டு, மூக்கத் தொடச்சு அனுப்புறதுன்னுதான நெனைக்கிய? நான் கொரல் மாத்திப் பேசுறவள்னு தெரிஞ்சவுக, "இன்னைக்கி யாரு மாதிரி பேசப் போறா"ன்னு வாயப் பாத்துக்கிட்டு இருப்பிய. பொறுங்க. வீட்டுல அஞ்சு வயசுப் பிள்ளையோட மல்லுக்கட்டுற கூட்டாளிகளா, இன்னைக்கிப் பாடமே வேற: அடுத்தவுக எடத்துல இருந்து பாக்குறது.

எங்க தாராவி பால்வாடிக்கு ஜன்னல் ஒண்ணுதான். அதுகிட்ட யாரு உக்காந்தாலும் ரெஜினா தள்ளி விட்டுருவா. தள்ளு வாங்குறது பாத்திமா. தெனமும் அழுகை. அவ உம்மா வந்து கறாரா சொல்லிட்டாவ: "இனி ஒருநாள் அழுதான்னா, பிள்ளைய நிறுத்திருவேன் டீச்சர்."

வண்டி கெளம்பிருச்சு

பெஞ்ச ஜன்னலோரம் இழுத்துப் போட்டு லோக்கல் ட்ரெயின் ஆக்குனேன். "அக்லா ஸ்டேஷன், செம்பூர்"னு ரயில்காரி கொரல்லயே அறிவிப்பு. மூணு பேரு உக்காந்தாச்சு, ஜன்னல்ல பாத்திமா. பம்பாய் ட்ரெயின்ல மூணு பேரு சீட்டு ஓரத்துல ஒட்டிக்கிற நாலாவது ஆளு ரெஜினா. "தோடா சரகோ", கொஞ்சம் நகருன்னு கேட்டு ஒட்டிக்கிட்டா. பாதி உடம்பு பெஞ்சுல, பாதி அந்தரத்துல.

இப்பப் புரிஞ்சிருக்கும்னு குனிஞ்சு கேட்டேன், "எப்படிட்டி இருக்கு?"

"பாத்திமா எந்த ஸ்டேஷன்ல எறங்குவா டீச்சர்?"

ஆள் மாறாட்டம்

சரி, என் வித்தையவே எறக்குவோம்னு பாத்திமா அழுவுற மாதிரி அழுது காட்டுனேன். உறிஞ்சல், விக்கல், நடுவுல ஒரு "உம்மா"... அச்சு அசல். பிள்ளைக உருண்டு சிரிச்சுது. "ரெஜினா, இப்ப நீதான் பாத்திமா. உன் மனசுக்குள்ள என்ன நெனைக்க, சொல்லு."

கண்ண மூடி யோசிச்சுட்டுச் சொன்னா: "ரெஜினா ரொம்ப நல்ல பிள்ளைன்னு நெனைக்கேன்."

உம்மா வந்த அன்னைக்கி

என்ன மாயமோ, மறுநாள் ரெஜினாவே பாத்திமா கையப் பிடிச்சுக் கூட்டிப் போயி ஜன்னல்கிட்ட உக்கார வச்சா. எனக்குத் தலைகால் புரியல. மத்தியானம் உம்மா வந்ததும், "இனி அழவே மாட்டா. முந்தி எப்படி அழுவா தெரியுமா?"ன்னு விக்கல் சகிதம் நடிச்சுக் காட்டுனேன். உம்மாவே சிரிச்சுட்டாவ.

பாத்திமா ஓன்னு அழுதுட்டா.

"அடியே, ஜன்னல்தான் கெடச்சாச்சே, இன்னும் என்னட்டி?"ன்னேன். ரெஜினா குறுக்க வந்து இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா.

"அவ ஜன்னலுக்கு அழல டீச்சர். நீங்க அவள மாதிரி அழுது காட்டுதியள்லா, நாங்க எல்லாரும் சிரிக்கோம்லா, அதுக்குத்தான் அழுவுதா."

பாத்திமா இப்பவும் வாரா, உம்மா நிறுத்தல. அடுத்தவுக மனசப் பாக்குற பாடத்துல எங்க கிளாஸ்ல இன்னும் பாஸாவாதது நான் ஒருத்திதான்.