குளத்தடித் தெரு

இது நடந்தது. பேய்க்கதை கட்டுகிற ஆசை எனக்கு இல்லை. கட்டுவதாக இருந்தாலும் த்ரஹோமீராவை வைத்துக் கட்ட மாட்டேன். எங்கள் ஓல்ஷங்காவின் ஊர்த்தலைவி அவள். முரட்டுப் பன்றியைத் தனியாளாக வண்டியில் ஏற்றுகிறவள். யாராவது பேய் என்று பேச்செடுத்தால், "எங்க குடியிருக்குனு சொல்லு, வீட்டு வரி போட்டுடலாம்" என்பாள்.

செக் நாட்டில் எங்கள் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், நடுவில் குளம். தெற்கே அணைக்கரை. வடக்கு மேட்டில் மாதா கோயிலும் வீடுகளும். முதலில் ஊர் இருந்தது மேட்டில் அல்ல, குளம் இருக்கிற பள்ளத்தில். பழைய சண்டையில் ஸ்வீடன் படை வந்து கொளுத்திவிட்டது. நானூறு வருஷம் ஆகப்போகிறது. பிழைத்தவர்கள் மேட்டில் ஏறி வீடு கட்டினார்கள். எரிந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்காததால், பண்ணைப் பிரபு ஓடையை மறித்து அதைக் கெண்டை மீன் குளமாக்கிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம், பீர்க்கடையில் கேலி.

அந்த வருஷம் சேறு அள்ளுவதற்காகக் குளத்தை முழுசாக வடித்திருந்தோம். நவம்பர் மாதம். அடித்தரை உறைபனியில் இறுகி, மேலே மாவு தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. த்ரஹோமீராவும், ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருக்கிற லூபோஷும் அணைக்கரையில் மதகைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். குன்றிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"டிராக்டர்ல ஏறுங்க தலைவியம்மா, சுத்திப் போயிடலாம்."

"உன் வண்டி போற வேகத்துக்கு நான் குளத்துக்குள்ள நடந்தே போயிடுவேன். கோயில் கரையில சந்திப்போம்."

"ஸ்வீடன்காரன் புடிச்சுக்கப் போறான்!"

"புடிச்சா அவன் பாடுதான் திண்டாட்டம்."

சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

பாதி தூரம்வரை ஒன்றுமில்லை. பிறகு காலடிச் சத்தம் மாறியது. சேறு நொறுங்குகிற சத்தம் போய், கல்லில் பூட்ஸ் படுகிற சத்தம். டக்... டக்... குனிந்து பார்த்தாள். கல் பாவிய தெரு. முந்தின நாள்தான் இதே இடத்தில் சேறு அள்ளும் எந்திரம் ஓடியது. அப்போது ஒரு கல்லும் இல்லை.

எங்கோ வாத்துகள் கத்தின. விறகுப் புகை மூக்கில் ஏறியது. இடது பக்கம் மெல்லிய மிலாறுக் குச்சிகளை வைத்துப் பின்னிய வேலி. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

மணி அடித்தது. மாதா கோயில் மணி அல்ல, அது எதிரே உயரத்தில் இருக்கிறது. இது பக்கத்தில்... தாழ்வாக... அவசர அவசரமாக...

யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

தலையில் துணி கட்டிய பெண். இருபது வயதுகூட இருக்காது. ஒரு காலை ஊன்ற முடியாமல் வேலியில் சாய்ந்திருந்தாள். பேசியது எங்கள் பாஷைதான். ஆனால் பழைய வேதாகமத்தில் இருக்கிற மாதிரி ஒரு பேச்சு.

"மேட்டுக்கோ போகிறாய், அக்காளே?"

"யாரும்மா நீ? யார் வீட்டுப் பொண்ணு?"

"கொண்டுபோய்விடு. என்னால் ஓடக்கூடாது."

த்ரஹோமீராவின் கைகளில் ஒரு துணி மூட்டை வந்து விழுந்தது. சூடாக இருந்தது. அசைந்தது.

குழந்தை.

பின்னால் குதிரைகள். ஒன்றிரண்டு அல்ல...

ஓடினாள். எதையும் யோசிக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. குளம்புச் சத்தம் நெருங்கியது. எதிரே மூட்டத்துக்குள் டிராக்டர் விளக்கு. கரை வந்துவிட்டது...

கால் இடறியது.

விழுந்தாள்.

கையில் ஒன்றும் இல்லை.

அழுகை நின்றது.

லூபோஷ் ஓடி வந்தபோது அவள் மண்டியிட்டு உறைந்த மண்ணை நகத்தால் பறித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரத்தம்.

"குழந்தை... இங்கதான்டா விழுந்துச்சு..."

எந்தக் குழந்தை என்று லூபோஷ் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவனும் பக்கத்தில் மண்டியிட்டுத் தேடினான்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான்.

இருட்டும்வரை ஊரே தேடியது. நானும் போயிருந்தேன். வெண்பனியில் அணைக்கரையிலிருந்து வந்தது த்ரஹோமீராவின் பூட்ஸ் தடம் மட்டும்தான். பாதி தூரம் நடந்த தடம். மீதி தூரம் ஓடிய தடம்.

வசந்தத்தில், மறுபடி தண்ணீர் விடுவதற்கு முன், தொல்லியல் ஆட்கள் வந்து தோண்டினார்கள். நடுக்குளத்தில் கல் தெரு கிடைத்தது. கரிந்த உத்தரங்கள் கிடைத்தன. தெருவோரம் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு, கணுக்கால் முறிந்தது.

கடைசி நாளில் கோயில் கரையோரம் ஒரு குழி போட்டார்கள். த்ரஹோமீரா நகத்தால் பறித்த அதே இடம். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு முழ ஆழத்தில் கைக்குழந்தையின் எலும்புகள் இருந்தன.

தோண்டியவர்களின் தலைவி வென்டுலா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"வீடெல்லாம் அங்க நடுவுல இருக்கு. இது மட்டும் இவ்வளவு தூரம் தனியா எப்படி வந்துச்சு? யாரோ தூக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. அந்த ஆள் என்ன ஆனாங்கன்னுதான் தெரியல."

த்ரஹோமீரா அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.