நான் அழித்த மன்னிப்பு

எங்கள் ஊரான ரந்தாவின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஆந்தைகளைப் பற்றி என் இணையதளத்தில் எழுதிவந்தேன். லிங்கி ஊரில் இருக்கும் தோழி கவிதா அந்தப் பதிவுகளில் ஒன்றைத் தன் தளத்தில் தன் பெயரில் போட்டுக்கொண்டாள். ஆத்திரத்தில் அவளைப் பெயர் சொல்லித் திட்டி எழுதினேன்.

நடுவில் எந்த நிறுவனமும் இல்லாமல் எங்கள் தளங்கள் நேரடியாக இணைந்திருந்தன. அவள் தன் தளத்தில் எழுதும் பதில் என் பதிவின் கீழும் தானாக வந்துவிடும். “நான் திருடியது உண்மை, மன்னித்துவிடு” என்று வந்தது. அவள் நல்லவளாகத் தெரியக்கூடாதென்று என் பக்கத்திலிருந்து அதை உடனே அழித்தேன்.

மறுநாள் கூப்பிட்டாள். “என் பதில தூக்கிட்டியா?”

“தூக்கிட்டேன். அதுக்கென்ன இப்ப?”

“பரவால்ல லா. என் பக்கத்துல அது அப்படியேதான் இருக்கும்.”

என் பக்கத்தில் இன்றும் திட்டு மட்டுமே இருக்கிறது. படிக்கும்போது எனக்கே கூசுகிறது. மன்னிப்பைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். இன்னும் மனம் வரவில்லை.