யூதாஸ் தூக்குப் போடாத வருடம்

யூதாஸ் வரவேண்டும் என்று கோயிலுக்குள் நின்று ஆண்டவரை மன்றாடிய பிள்ளை நான். அப்போது எனக்கு ஏழரை வயது. கேட்டவுடன் கிடைத்த மன்றாட்டு என் வாழ்நாளில் அது ஒன்றுதான். பிறகு எத்தனையோ நல்ல காரியங்களுக்காக முழந்தாளில் நின்றிருக்கிறேன். அவ்வளவு விரைவாக ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சிறிய கத்தோலிக்க மீனவக் கிராமம். பெரிய வெள்ளியன்று கோயில் முற்றத்தில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதைப் பாஸ் என்போம். ஆண்டவராக எவரும் நடிப்பதில்லை. அதற்கு மரத்தில் செய்த சுரூபம் இருந்தது. மற்ற வேடங்களுக்குத்தான் அடிபிடி. இராயப்பராக, அதாவது பேதுருவாக, நடிக்க எல்லோருக்கும் விருப்பம். யூதாசாக நடிக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. நான் பிறப்பதற்கு முன் ஒரு வருடம், இராயப்பர் வேடம் கிடைக்காத கோபத்தில் ஒருவர் மற்றவருடைய வலையை அறுத்துவிட்டாராம். அதன்பிறகு கோயில் குருவான பங்குச் சுவாமியார் திருவுளச்சீட்டு முறையைக் கொண்டுவந்தார். வேடங்களின் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எடுப்பது. வேதாகமத்தில் அப்போஸ்தலர்கள் யூதாசின் இடத்துக்கு ஆளைத் தெரிவுசெய்யச் சீட்டுப் போட்டார்கள். நாங்கள் யூதாசையே தெரிவுசெய்யச் சீட்டுப் போட்டோம்.

சீட்டெடுப்பது ஒரு பிள்ளை. அந்த வருடம் முதன்முறை நற்கருணை வாங்க, அதாவது புதுநன்மைக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளில் ஒன்று. இன்னும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாத பிள்ளை, ஆகவே பாவமில்லாத பிள்ளை என்பது ஊரின் கணக்கு. பாவத்தைச் சொல்லாமல் இருப்பதும் பாவமில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞானோபதேசத்தை எல்லோரையும்விடச் சத்தமாக ஒப்புவித்தவன் என்பதால் அந்த வருடம் என்னைத் தெரிவுசெய்தார்கள்.

அதற்கு முந்திய மூன்று வருடங்களும் யூதாஸ் வேடம் என் சித்தப்பாவுக்கே விழுந்திருந்தது. அப்பாவின் கடைசித் தம்பி அவர். எங்களோடுதான் இருந்தார். கடலால் வந்து முகம் கழுவியதும் என்னைச் சைக்கிளின் முன்பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார். போகிற வழியெல்லாம் கோழி, ஆடு, பங்குச் சுவாமியார் என்று எல்லோருடைய குரலிலும் கதைப்பார். முதல் வருடம் யூதாஸ் வந்தபோது ஊர் சிரித்தது. மூன்றாவது வருடமும் வந்தபோது ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

கொக்கிளாயில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல விருப்பம். பெண்ணின் தாய்தான் இழுத்தடித்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

“பிள்ளை, குறை நினையாதேங்கோ. பெடியன் நல்ல பெடியன்தான். ஆனா மூண்டு வருசமா ஆண்டவரே இவன் யூதாஸ் எண்டு சொல்லுறார். அதுக்கு மேலாலை நான் என்னத்தைச் சொல்ல?”

“அது சும்மா சீட்டுத்தானே மாமி.”

“திருவுளச்சீட்டைச் சும்மா சீட்டு எண்டு சொல்லாதேங்கோ! இந்த முறை வேறை வேசம் வரட்டும். வந்தால் உயிர்த்த ஞாயிறு முடியக் கலியாணம். யூதாஸ் வந்தால் என்ர பிள்ளைக்கு வேறை இடம் பாக்கிறன்.”

சீட்டெடுப்பு, நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று. அதற்கு முதல்நாள் சித்தப்பா என்னைக் கரையில் இருந்த மீன் வாடியடிக்குக் கூட்டிப்போனார். அவருடைய கையெழுத்து அழகு என்பதால் சீட்டுகளை எழுதி மடிக்கும் வேலை அவரிடம் இருந்தது. ஒரு சீட்டை எடுத்து என் விரலில் தேய்த்துக் காட்டினார். மடிப்பில் ஒரு சொட்டு மெழுகுதிரி மெழுகு.

“இது சீமோன்ர சீட்டு. ஆண்டவருக்குச் சிலுவை தூக்க உதவின ஆள். மற்ற ஆக்களுக்கு எடுக்கேக்கை மெழுகு தட்டுப்பட்டா விட்டிடு. என்ர பேர் சொன்னவுடனை இதை எடு.”

“இராயப்பரை எடுப்பம் சித்தப்பா.”

“வேண்டாமடா. இராயப்பர் மறுதலிச்சவர். மாமி அதையும் பிடிச்சுக்கொண்டு நிப்பா. சீமோனைப் பற்றி அவாவாலை ஒரு குறையும் சொல்லேலாது.”

“கள்ளமில்லையோ?”

சித்தப்பா சீட்டைத் திரும்ப மற்றச் சீட்டுகளோடு சேர்த்தார். “கள்ளமில்லை ராசா. பெட்டிக்குள்ளை இருட்டுத்தானே. ஆண்டவருக்கு ஒரு அடையாளம் வைச்சுக் குடுக்கிறம், அவ்வளவுதான்.”

நான் ஓம் என்றேன். அன்று பின்னேரம் அம்மா அப்பாவிடம் சொன்ன ஒரு வசனம் எல்லாவற்றையும் கெடுத்தது. கலியாணம் சரிவந்தால் தம்பி கொக்கிளாயில்தானே போய் இருப்பான் என்றார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார். அது எனக்கு அதுவரை தெரியாது. கொக்கிளாயும் உரோமாபுரியும் அந்த வயதில் எனக்கு ஒரே தூரம். இனிச் சைக்கிளில் கோழிபோலக் கதைக்க ஆள் இல்லை என்று நினைத்தவுடன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் கோயிலுக்குள்ளேயே நின்றார்கள். நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பிலாத்து ஒருவருக்கு, ஏரோது ஒருவருக்கு என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மெழுகுச் சீட்டு இரண்டு முறை விரலில் பட்டது; விட்டுவிட்டேன். பிறகு சித்தப்பாவின் பெயர் வந்தது.

அவர் முன்னுக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத ஆள்போல மேலே கூரையைப் பார்த்தார். மாமியும் கொக்கிளாயிலிருந்து வந்து பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நின்றார். பெட்டிக்குள் என் விரல் மெழுகைக் கண்டுபிடித்தது. அதைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். முழுவதும் வரும்வரை சுரண்டினேன். பிறகு எல்லாச் சீட்டுகளையும் கலக்கி, கண்ணை மூடி, ஆண்டவரே யூதாஸ் வரட்டும் என்று மனதுக்குள் சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணாவியார் சீட்டை விரித்தார். வாசிக்காமல் சித்தப்பாவைப் பார்த்தார். அதிலேயே ஊருக்கு விளங்கிவிட்டது.

பின்னாளில் இதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மெழுகைச் சுரண்டியதோடு பெட்டி நேர்மையாகிவிட்டது. ஒரு கள்ளம் மற்றக் கள்ளத்தை அழித்துவிட்டது. அதன்பிறகு சீமோனும் வந்திருக்கலாம், இராயப்பரும் வந்திருக்கலாம். யூதாஸ் வந்தது யார் செயல்? சமயம் படிப்பித்த எனக்கு இதற்கு இன்றுவரை விடை தெரியாது. சீமோனின் சீட்டு அடுத்த ஆளுக்கு விழுந்தது. அவர் முதுகுப்பிடிப்போடு திரிந்த, படகுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியார். சிலுவையின் எடையைக் கேட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் சித்தப்பா கோழியாகவும் கதைக்கவில்லை, ஆடாகவும் கதைக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய்ச் சைக்கிளை நிறுத்தினார்.

“மெழுகு தட்டுப்படேல்லையோடா?”

நகத்துக்குள் மெழுகு இருந்த கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். “இல்லைச் சித்தப்பா. ஒண்டிலையும் மெழுகு இல்லை.”

“நான் என்ர கையாலை விட்டனான்.”

“இல்லை.”

அவர் முகம் வெளிறியது. “அப்ப அவர் உருக்கிப்போட்டார்” என்றார். என்னைப் பார்த்தல்ல, கோயில் இருந்த பக்கத்தைப் பார்த்து.

அந்தத் தபசுகாலம் முழுவதும் சித்தப்பா வேறு ஆளாக இருந்தார். ஆண்டவரை ஏமாற்றப் போய்ப் பிடிபட்ட மனிதனாக நடந்தார். சாராயத்தை விட்டார். சிலுவைப்பாதைக்கு ஒரு வெள்ளியும் தவறவில்லை. அம்மாவுக்கு ஆச்சரியம்.

பெரிய வெள்ளியன்று முற்றம் நிறைந்த சனம். மகளுக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்த மாமியும் வந்திருந்தார்; கலியாணப் பேச்சு வேறு, பாஸ் வேறு. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசை எறிந்துவிட்டு, பூவரச மரத்தடிக்குப் போய்க் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சித்தப்பா சோடா மூடிகளை எறிந்தார். ஆனால் மரத்தடிக்குப் போகவில்லை. திரும்பி, கட்டிவைத்திருந்த சுரூபத்துக்கு முன்னால் போய் முழந்தாளில் விழுந்து, “நான் களவு செய்தனான் ஆண்டவரே” என்று விம்மி விம்மி அழத் தொடங்கினார். பாட்டில் அப்படி ஒரு வரி இல்லை. மத்தளக்காரர் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். திரைக்குப் பின்னால் இருந்து அண்ணாவியாரின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“டேய், தூக்குப் போடடா! பிலாத்து கை கழுவ நிக்கிறார், தண்ணியெல்லாம் ஊத்தியாச்சு!”

சித்தப்பா அசையவில்லை. அப்போது சனத்துக்குள் இருந்து ஒருவர் எழும்பினார். மாமி. முகமெல்லாம் கண்ணீர்.

“அந்தப் பிள்ளையை விடுங்கோ அண்ணாவியார்! அது தன்ர பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டிட்டுது! மனஸ்தாபப்பட்டவனைத் தூக்கிலை போடச் சொல்லி எந்த வேதத்திலை கிடக்கு?”

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொடரச் சொல்லிக் கை காட்டினார். ஆகவே அந்த வருடம் எங்கள் ஊரில் யூதாஸ் தூக்குப் போடவில்லை. பிலாத்து கை கழுவினார், நாடகம் தொடர்ந்தது. இவ்வளவு துக்கப்படத் தெரிந்த மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று மாமியே மறுகிழமை வந்து கலியாண நாளைக் கேட்டார்.

புதுநன்மைக்கு முதல்நாள் நான் முதலாவது பாவசங்கீர்த்தனம் செய்தேன். மெழுகு, மன்றாட்டு, பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தடுப்பு மெல்ல ஆடியது. சுவாமியார் என் பாவத்துக்காக அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

“மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லு” என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு. “பிறகு சித்தப்பாட்டைப் போய் இதைச் சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்.”

மந்திரங்களை அங்கேயே சொல்லி முடித்தேன். மற்றதைச் செய்யவில்லை.

அன்று பயம். சொன்னால் கலியாணம் குழம்பும் என்று நினைத்தேன். குழம்பட்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன், ஆனால் சித்தப்பா புதுச் சேட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தார். கலியாணத்தன்று சொல்லப் போனேன். அவர் மாலையோடு நின்று, ஆண்டவர் மெழுகை உருக்கிய கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நான் படித்தேன், ஆசிரியனானேன். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை வருடாவருடம் வகுப்பில் விளக்கினேன். ஐந்தாவது, குரு பரிகாரமாகக் கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்ப்பது. அதை மட்டும் விரைவாகச் சொல்லி மணி அடிக்க முன்னர் புத்தகத்தை மூடிவிடுவேன்.

கடைசியாகச் சந்தர்ப்பம் கிடைத்தது, யுத்தம் முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிகுளத்து முகாமில். தண்ணீருக்கு வரிசையில் வாளியோடு நின்றோம். எழுபத்தைந்து தாண்டிய சித்தப்பா முன்னுக்கு நின்ற பெண்ணுக்கு அதே கதையைச் சொன்னார்.

“ஆண்டவரையே பேய்க்காட்ட வெளிக்கிட்டவன் நான், பிள்ளை. பெட்டிக்குள்ளை வைச்சே மெழுகை உருக்கிப்போட்டார்.”

“உருக்கினபடியாத்தான் உங்களுக்கு நான் கிடைச்சனான்” என்றார் பக்கத்தில் நின்ற சித்தி. “அலட்டாமல் வாளியைத் தள்ளுங்கோ, வரிசை போகுது.”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு சித்தப்பா தனக்குள்ளே, “கள்ளன் எண்டு தெரிஞ்சும் என்னை வைச்சிருக்கிறார்” என்றார். தான் சீட்டில் கள்ளம் செய்தவன் என்று சொல்லி, அந்தப் பெரிய வெள்ளிக்குப் பிறகு அவர் பாஸில் நடிக்கவே இல்லை. கொக்கிளாயில் இராயப்பர் வேடத்தைத் தேடி வந்து கொடுத்தபோதும் வேண்டாமென்றவர். அன்று வரிசையில் உண்மை என் வாய் வரை வந்தது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். ஊர் திரும்பிச் சில வருடங்களில் அவர் காலமானார்.

அபராதம் என்றால் தண்டனை என்றுதான் அந்த வயதில் விளங்கிக்கொண்டேன். சொன்னால் எனக்கு அடி விழும், அதற்காகத்தான் சுவாமியார் அனுப்புகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை அடி வாங்க அனுப்பவில்லை. ஊரில் தான் ஒருவனே கள்ளன் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம், இல்லை, இன்னொருவனும் இருக்கிறான் என்று சொல்லிவர அனுப்பினார். அதைக் கேட்டிருந்தால் என் சித்தப்பா எவ்வளவு பெரிதாகச் சிரித்திருப்பார் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை.