யாரோ எடுத்த குடம்

"எங் கொடத்த எவளோ தூக்கிட்டுப் போனாளே, அவ கை வெளங்குமா?"

ராஜபாளையத்தில் தண்ணீர் வருகிற நாளெல்லாம் குழாயடியில் நின்று பாண்டிசெல்வி இப்படித்தான் ஆரம்பிப்பாள். எந்த வீட்டையும் பார்க்க மாட்டாள். முகம் மின்கம்பத்தைப் பார்த்திருக்கும். ஏசலாம், மண்ணை வாரித் தூற்றலாம், பெயரை மட்டும் சொல்லக் கூடாது. அது அந்தத் தெருவின் சட்டம். பெயர் வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அறுந்துபோகும்.

எதிர்வீட்டுச் சுடலையம்மாளும் வரிசையில் நின்று ஒத்து ஊதுவாள். "நல்லாக் கேளு மதினி, யாருன்னு தெரிஞ்சா நானே சும்மா விடமாட்டேன்." குடமோ அவள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில்தான் கவிழ்த்து வைத்திருக்கும். சேத்தூர் விலக்கில் பாண்டிசெல்வியின் புருஷன் பால்ச்சாமி அந்தக் குடத்தோடு பைக்கிலிருந்து விழுந்தபோது அதன் இடுப்பு நசுங்கி விழுந்த சொட்டை தெருவுக்கே தெரியும். அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்ல!

போய்ப் பிடுங்கிக்கொண்டு வரலாம்தான். ஆனால் பாண்டிசெல்வியின் சோறு எதிர்வீட்டு வைஃபையில் இருக்கிறது. இணையக் கம்பி சுடலையம்மாள் வாசலோடு நின்றுவிட்டது. போனில் சிக்னல் வேண்டுமென்றால் தெருமுனைக்குத்தான் ஓட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்த டுடோரியல் மூடியபிறகு, கணினி வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. மாணவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் பின்லாந்துக்காரர்கள்.

அவர்களுக்குச் 'சம்படி', 'நோபடி', 'எவ்ரிபடி' எல்லாம் சண்டித்தனம் செய்யும். அவர்கள் மொழியிலும் நம்மைப் போல, 'நோபடி கேம்' என்பதற்கு 'யாரும் வரவில்லை' என்றுதான் வருமாம். நேர்முகத் தேர்வில், "நானும் அப்பிடித்தான் தப்புவிட்டுப் படிச்சேன்" என்று இவள் சொன்னதைக் கேட்டுத்தான் வேலையே கொடுத்தார்கள்.

உதாரணத்துக்கு எங்கே போவாள்? குடம்தான். யாரோ குடத்தை எடுத்தார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நாலு மாதமாக ஆறு பேரும் 'கொடம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 'எனிபடி எடுக்கவில்லை' என்று யாராவது தப்பாக எழுதிவிட்டால் இவளுக்குச் சுர்ரென்று ஏறும். "யாரும் எடுக்கலைன்னா அது காலு மொளச்சுப் போயிருச்சாக்கும்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு வருவாள். ஒருநாள் தலைவலியும் ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, சுடலையம்மாளின் பெயரையும் போட்டு உடைத்துவிட்டாள். ஆறு பேரும் மரியாதையாக நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் எதிர்வீட்டுக் காதுக்குப் போய்விடுமோ என்று அன்றிலிருந்து அவளுக்குப் பயம். வகுப்பு நேரமான மாலை நாலரைக்கு, அவள் முதுகுக்குப் பின்னாலுள்ள ஜன்னலில் எதிர்வீட்டு மாடி அப்படியே தெரியும். குடமும் தெரியும்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் தேர்வு வைக்க வந்தார், கணினித் திரையில்தான். ஆறு பேரும் உதவியில்லாமல் பேச வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் வகுப்பை மூடிவிடுவார்களாம். அதில் ஹெய்க்கி என்கிற லாரி டிரைவர் இருக்கிறாரே, அந்த மனுஷர் நாலு மாதத்தில் பேசியது 'யெஸ்', 'நோ' மட்டும். பாண்டிசெல்வி ஆண்டாளுக்கு மாலை நேர்ந்துகொண்டாள்.

நேர்ந்துகொண்ட வாய் மூடவில்லை, சுடலையம்மாள் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளைக்காரர்களுக்குப் பரீட்சையாமே, பார்க்க வேண்டுமாம். வைஃபைக்காரி; போ என்று சொல்ல முடியுமா? பக்கத்தில் நாற்காலி போட வேண்டியதாயிற்று. "வாங்க சுடலையம்மா" என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டாள். திரையில் ஆறு முகங்களும் ஒரேயடியாக நிமிர்ந்தன.

ஐந்து பேர் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். கடைசியில் ஹெய்க்கி. நோட்டைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார்.

"சம்படி டுக் தி கொடம். எவ்ரிபடி நோஸ். நோபடி செய்ஸ் எனிதிங்."

மேடத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். யார் எடுத்தது என்று ஆர்வமாகக் கேட்டார்.

வைஃபை போச்சு, வேலை போச்சு என்று பாண்டிசெல்வி மனதுக்குள் ஆண்டாளைக் கூப்பிட்டாள். ஹெய்க்கி நோட்டிலிருந்த பெயரைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த சுடலையம்மாளைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"சம்படி," என்றார்.

மேடம் வகுப்பை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டு விடைபெற்றார்.

"என்ன சொல்லுதாரு மதினி? கொடம்னு காதுல விழுந்துச்சே," என்று சுடலையம்மாள் கேட்டாள்.

"யாரோ எடுத்துட்டாகளாம்."

"அவுக ஊருலயுமா?"

"ஆமா மதினி."

"எல்லா ஊருலயும் இருப்பாளுக போல," என்று சொல்லிச் சேலையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

பாண்டிசெல்வி ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, திரையில் இன்னும் காத்திருந்த ஆறு பேருக்கும் மறுநாள் பாடம் என்னவென்று சொல்ல உட்கார்ந்தாள். ஓரத்துக் கட்டத்தில் அவள் முகம், அதற்குப் பின்னால் ஜன்னல். எதிர்வீட்டு மாடியில் சுடலையம்மாள் வந்து நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். குடத்தை மெல்லத் திருப்பி, சொட்டை உள்பக்கம் போகும்படி வைத்தாள்.

பின்லாந்தில் ஆறு தலைகளும் ஒன்றாக நோட்டுக்குள் குனிந்துகொண்டன.