ஆடு மேய்ந்த கார்

தெருமுனைச் சலவைக்கடையில் கஞ்சி அடிபிடிக்கும் போதெல்லாம் எனக்குப் பெட்ரோல் மணக்கிறது. மணந்ததும் சங்கரன்கோவில் வந்துவிடுகிறது, நெசவாளர் தெரு வந்துவிடுகிறது, என் தங்கை வீட்டுக்காரர் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார்.

மாப்பிள்ளை தறிக்காரர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய சமயத்தில், மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய ரேஸ் காரை வாங்கிவிட்டார். இரண்டே இருக்கை, நீள மூக்கு, கூரை இல்லை. மாடு பூட்டித்தான் தெருவுக்குள் இழுத்து வந்தோம். தெருவில் பாவு நூலை நீளக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாட்டுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா என்றார் ஒருவர்.

அது ஆசையில் வாங்கியதல்ல. காய்ச்சலில் என் தங்கைக்கு ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. தடியூன்றி நடப்பாள், படி ஏற முடியாது. ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டரும் இன்னொருவருமாக அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஏற்றினார்கள். சந்தைக்கூட்டம் முழுக்கப் பார்த்தது. அன்றோடு அவள் வாசல் தாண்டவில்லை. பனவடலிசத்திரத்தில் எங்கள் அம்மா பாயோடு கிடந்தாள். மாட்டுவண்டி என்றாலும் தூக்கித்தான் ஏற்றவேண்டும். யாரும் தொட்டுத் தூக்காமல் போகமுடிந்தால் போகிறேன், இல்லாவிட்டால் அம்மாவைப் பார்க்காமலே இருந்துவிடுகிறேன் என்றாள். அந்தக் கார் தரையோடு தரையாகக் கிடந்தது. மாப்பிள்ளை கண்ணில் பட்டது அதுதான்.

பிரித்தோம், பூட்டினோம், மறுபடி பிரித்தோம். கார்புரேட்டர் இரண்டு, ஒன்று இருமினால் மற்றது உறங்கும். மாட்டுத்தோல் வாஷர், கழிவு நூல், கழித்துப்போட்ட பஸ் குழாய், எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயின. கதவை அறுத்து அகலமாக்கினார். ஒருநாள் மாவு திரிக்கும் திரிகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், அதேபோல நடுவில் இரும்பு முளை அடித்து அவள் இருக்கையை அதன்மேல் ஏற்றினார். வெளியே பார்க்கத் திருப்பி உட்காரலாம். உட்கார்ந்தபின் தானே முன்பக்கம் சுழற்றிக்கொள்ளலாம். அவள் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தாள். மாவு விழலியே என்றாள்.

ஒன்று பாக்கி. ஊரே பார்க்கத் திறந்த வண்டியில் வரமாட்டேன், கூரை வேண்டும் என்றாள். கான்வாஸ் கிடைக்கவில்லை. தறிக்காரருக்குத் துணிக்கா பஞ்சம்? கெட்டி நூலில் தானே நெய்தார். விறைப்பாக நிற்க, பாவுக்குப் போடுகிற சோற்றுக்கஞ்சியில் தேங்காயெண்ணெய் கலந்து பூச்சுமேல் பூச்சாகப் பூசினோம். காய்ந்தபின் தட்டினால் கொட்டுப்போல ஒலித்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்படுகிற காலையில் காரை வாசலில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனோம். திரும்பினால் தெரு நிறைய மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள். இரண்டு வெள்ளாடு காரின் மூக்கில் ஏறி நின்று கூரையைத் தின்றுகொண்டிருந்தன. விரட்டுவதற்குள் நடுவில் வானம் தெரிந்தது.

"சோத்தைக் காயவச்சிட்டு ஆட்டைக் குத்தம் சொல்லுதியளே அண்ணாச்சி" என்று ஆட்டுக்காரர் நடந்துவிட்டார்.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏட்டி, இன்னைக்கு வேண்டாம். வேற துணி நெய்யுதேன்" என்றார்.

தங்கை தடியூன்றி நின்று, கடைசி ஆட்டின் வாயில் தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

"இனி எவன் என் காலைப் பேசப்போறான்? ஆடு தின்ன கதையத்தான் பேசுவானுவ. மிச்சத்தையும் பிச்சுப் போடுங்க, போவோம்."

நான் பின்னால் ஸ்டெப்னிமேல் தொற்றிக்கொண்டேன். தெருவில் நீட்டியிருந்த பாவு நூலை ஆட்கள் தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் தலை குனிந்து நுழைந்தோம். ஈர நூல் எங்கள் முதுகுகளைத் தடவி விட்டது. கரிசல்காட்டில் கார் இருமிக்கொண்டே ஓடியது. களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுக்கவில்லை. காற்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டது.

அம்மா வீட்டு வாசலில் இருக்கையைத் திருப்பினாள். தடியை ஊன்றினாள். எழுந்தாள். யாரும் தொடவில்லை.

கொஞ்ச நாள் அம்மாவோடு இருக்கட்டும் என்று அவளை விட்டுவிட்டுச் சாயங்காலம் நாங்கள் கிளம்பினோம். மாப்பிள்ளை என்ஜினைக் கிளப்பியதும் அவள் வாசல்வரை வந்தாள்.

"கூட்டிட்டுப் போக வரும்போது கூரைய மாட்டிராதிய. இப்படியே கொண்டாங்க."