எபனேசர் பயந்த வரி

எபனேசர் போய்விட்டார் என்று அவர் மகள் போன வாரம் ஒரு காலையில் போனில் சொன்னாள். போனை வைத்த கையோடு, பழக்கதோஷத்தில் அவர் எண்ணையே அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. அப்போதுதான் செய்தி உறைத்தது.

வண்ணார்பேட்டை மாடியில் இருந்த எங்கள் கடைக்கு வந்துபோனவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இருவரும் கூட்டாக நடத்தினோம். முன்பக்கம் இணையம் பார்க்க வருகிறவர்களுக்கான கணினிகள். தட்டிக்குப் பின்னால் இணையதளம் செய்து கொடுத்தோம்.

மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. படம் இறங்குவதற்குள் லைன் அறுந்துவிடுமோ, பொத்தான் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பயப்படுவார். அல்வாக் கடைக்காரர் ஒருவர் எழுத்தெல்லாம் மின்ன வேண்டும் என்றபோது, "அண்ணாச்சி, மின்னுனா கண்ணு அங்கனயே நிக்கும். உங்க விலாசத்த யாரு படிப்பா?" என்று கெஞ்சினார். எனக்கு எரிச்சலாக வரும். "உமக்கு எதுக்குத்தான் பயமில்ல?" என்பேன். "நாம பயப்படாட்டி, பாக்க வாறவன்லா பயப்படணும் வே" என்பார்.

ஒரு வருஷம் பிளஸ் டூ முடிவுகளுக்கு ஒரு பக்கம் செய்தோம். பதிவெண்ணைத் தட்டினால் மதிப்பெண் வரும். படம் கிடையாது, பெரிய எழுத்து, ஒரே பெட்டி. எல்லாவற்றையும் பயந்து பயந்து சரிபார்த்த எபனேசர், ஒரு வரியை மட்டும் யோசிக்காமல் எழுதிவிட்டார். முடிவு இன்னும் வந்து சேராத எண்ணைத் தட்டினால், "இந்த எண் பட்டியலில் இல்லை" என்று வரும்.

முடிவு நாளில் கடை நிரம்பி வழிந்தது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாவணி போட்ட ஒரு பெண் தனியாக வந்திருந்தாள். எண்ணைத் தட்டினாள், பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். நுழைவுச் சீட்டு விசைப்பலகை மேலேயே கிடந்தது. எபனேசர் அதை எடுத்து அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"பேப்பர்ல பாஸானவன் நம்பரத்தான போடுதான்? நம்பர் இல்லன்னா ஃபெயிலுல்லா! அந்தப் பிள்ள அப்படித்தான் படிச்சிருக்கும் வே!"

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். அவர் நேரே ஆற்றுப்பாலத்துக்குத்தான் ஓடினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடந்த மாதிரி இல்லை. அதுவும் எங்களுக்கு நிம்மதி தரவில்லை. பஸ் நிறுத்தத்திலும் அவள் இல்லை.

கடைசியில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் இருந்தாள். ரிசீவர் கையில் இருந்தது. எண்ணை அழுத்தாமல் நின்றாள்.

"எம்மா, நீ ஃபெயில் இல்ல. நான் எழுதுனதுதான் தப்பு" என்றார் எபனேசர், மூச்சிரைக்க.

"அப்ப பாஸா சார்?"

ஆமாம் என்று சொல்லித் தொலையக் கூடாதா என்று நான் தவித்தேன். அவர் சொல்லவில்லை. "அது இன்னும் தெரியாதும்மா. உங்க பள்ளிக்கூடத்துக்கு முடிவு வரல. வா, சேர்ந்தே பாப்போம்" என்றார்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வரியை மாற்றினார். "உங்கள் முடிவு இன்னும் எங்களுக்கு வரவில்லை. இது தோல்வி அல்ல. சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள்." பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதப் படிச்சா பயமா இருக்கா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு சார். ஆனா இருந்து பாக்கலாம்னு தோணுது."

மத்தியானம் முடிவு வந்தது. பாஸ். அவள் சிரித்தாள். எபனேசர்தான் தட்டிக்குப் பின்னால் போய் அழுதார்.

பிறகு நான் எத்தனையோ தளங்களும் செல்போன் செயலிகளும் செய்துவிட்டேன். 'இல்லை' என்று ஒரு வரி எழுத வேண்டி வந்தால் இன்றும் கை நின்றுவிடும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டி, "இதப் படிச்சா பயமா இருக்கா?" என்று அவர் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அதை வைப்பேன். அவர் பயத்தை எரிச்சலோடு பார்த்தவன் நான். இப்போது அதுதான் என்னிடம் இருக்கிறது.

நேற்று மறுபடியும் அவர் எண்ணை அழைத்தேன். அதே குரல், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அதே வரி. அதை எழுதியவர் பக்கத்தில் ஒரு எபனேசர் இருந்திருக்கக் கூடாதா.